செஞ்சியில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான ராஜகிரியில் ஏறத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தோற்றுப்போனேன். குரங்குகளிடம்தான். பெரிய கடுவன் ஒன்று நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டியது. நானும் நண்பனும் அதை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றோம். அந்த நேரம் பார்த்து மதில் மேலிருந்து சத்தமில்லாமல் இறங்கிய இன்னொன்று, என் பையின் ஓரத்தில் செருகியிருந்த மோர் பாட்டிலை உருவிக்கொண்டு போய்விட்டது. பாறை மேல் உட்கார்ந்து, மூடியைக் கடித்துத் துப்பி, பாதியைக் கொட்டி மீதியைக் குடித்தது. கடுவன் எழுந்து, வேலை முடிந்தது என்பதுபோல் நிதானமாக நடந்து போனது.

"முன்னாடி மிரட்டு, பின்னாடி அள்ளு. மராட்டிய ஸ்டைல்டா!" என்றான் நண்பன். அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் நான் செஞ்சிக்கு வந்ததே அந்தக் கதைக்காகத்தான்.

செஞ்சி என்றால் நமக்கெல்லாம் தேசிங்கு ராஜன்தான். 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு பேரோடு குதிரையேறிப் போய் உயிரை விட்ட இளைஞன். தெருக்கூத்தாகவும் கதைப்பாடலாகவும் இன்றும் ஊர் ஊராக வாழ்கிறான். வீரம், மறுக்கவில்லை. ஆனால் இதே கோட்டையில் அதற்குப் பதினாறு வருடம் முன்பு வரை நடந்த ஆட்டத்தை ஏன் யாரும் பாடவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே குறை உண்டு.

கமலக்கன்னி அம்மன் கோயிலைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது ஒரு சின்னப் பாலத்தில் கடந்துவிடலாம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒற்றையடிப் பாதை, எதிரே வாசல். கீழே எட்டிப் பார்த்தேன், அடிவயிறு கூசியது. நாலு பேர் நின்றால் நாலாயிரம் பேரைத் தடுக்கலாம் போலிருந்தது.

ஆனால் செஞ்சியின் உண்மையான தந்திரம் இந்தப் பள்ளத்தில் இல்லை. 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி தெற்கே வந்தபோது, பிஜாப்பூர்க்காரர்கள் கையில் இருந்த இந்தக் கோட்டையைப் பெரிய சண்டையில்லாமல், பேரம் பேசியே வாங்கி, மதில்களைப் பலப்படுத்தினார். அவர் தலைநகர் ராய்கட் எங்கே, செஞ்சி எங்கே? சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் எதற்கு ஒரு கோட்டை?

அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து அது புரிந்தது. 1689-ல் ஔரங்கசீப், சிவாஜியின் மகன் சம்பாஜியைக் கொன்றார், ராய்கட்டும் விழுந்தது. தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். தலைநகர் இங்கே மாறியது. மறுவருடம் சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. முற்றுகை என்றால் கிட்டத்தட்ட எட்டு வருடம்! சுற்று மதிலே 13 கிலோமீட்டர் போகிறது. மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் அந்த மதிலை மேலிருந்து பார்த்தால், இதை எப்படித்தான் முழுதாகச் சூழ்ந்து அடைப்பது என்று நமக்கே மலைப்பாக இருக்கிறது.

உள்ளே இருந்தவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. உண்மையான அடி வெளியிலிருந்து விழுந்தது. 1692 டிசம்பரில் மராட்டியத் தளபதி சாந்தாஜி கோர்படே காஞ்சிபுரம் பக்கம் ஒரு முகலாயத் தளபதியையே பிடித்துவிட்டார். இன்னொரு மராட்டியத் தளபதி தனாஜி ஜாதவ் கோட்டைக்கு வெளியே இருந்த காவல் நிலைகளை உடைத்தார். முற்றுகை போட்டவர்களுக்கே முற்றுகை! தானியம் வரும் வழி அடைபட்டது. பாதுஷா ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று புரளி வேறு. கூட இருந்த பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேச ஆரம்பிக்க, சொந்தத் தளபதிகளே இளவரசரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். கடைசியில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

பிறகு திரும்பி வந்தார்கள். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அப்போதே பேச்சு. 1698-ல் ஒருவழியாகக் கோட்டை விழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ராஜாராம் இல்லை. நழுவி, வேலூர் வழியாக மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு வருட முற்றுகைக்குக் கிடைத்தது கல்லும் மதிலும்தான்.

நண்பனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடிப்போனவனுக்கு எவன்டா பாட்டு கட்டுவான்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

இறங்கும்போது நாங்களும் ஒரு திட்டம் போட்டோம். காலிப் பை ஒன்றை ஊதிக் கட்டி, கையில் ஆட்டிக்கொண்டு நண்பன் முன்னால் போவது. கூட்டம் அவன் பின்னால் போனதும் நான் சத்தமில்லாமல் கடந்துவிடுவது. அதே திருப்பத்தில் அதே கடுவன். நண்பன் பையை ஆட்டினான், குலுக்கினான், விசில்கூட அடித்தான். அது அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, கடலைமிட்டாய் இருந்த சட்டைப் பையில் கையை வைத்தது.