ஏற்காட்டுக் குளிரும் வெளிக்குழாய்களும்

கனடாவின் ஒட்டாவா நகரில் ஒரு குடியிருப்பின் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது, பனி உருகியதும் எங்களுக்கு வரும் முதல் வேலை வெளிச்சுவர்க் குழாய்களைச் சோதிப்பது. ஜனவரி இரவில் மைனஸ் 15 டிகிரி அங்கே சாதாரணம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த நெருக்குதலில் செம்புக் குழாயே பிளந்துவிடும். அதனால் அங்குள்ள வெளிக்குழாய்களில் கைப்பிடி மட்டும்தான் வெளியே. தண்ணீரை அடைக்கிற வால்வு சுவருக்குள் தள்ளி, வீட்டுச் சூடு படும் இடத்தில் இருக்கும். மூடியதும் மிச்சத் தண்ணீர் வாய்வழியாக வடிந்துவிடும். ஓஸைக் கழற்றாமல் விட்டால் வடிய வழியில்லை. உள்ளேயே நின்று உறைந்து, பைப்பைப் பிளக்கும்.

பிளவு வால்வைத் தாண்டி இருப்பதால் மூடியிருக்கும் வரை ஒரு சொட்டுக்கூடக் கசியாது. செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் சுவருக்குள் கொட்டும். ஆகவே ஒருவர் வெளியே திறந்துவிட, இன்னொருவர் அடித்தளத்தில் டார்ச்சோடு நிற்பார். திறந்தவர் குழாய் வாயைக் கட்டைவிரலால் பொத்திப் பார்ப்பார். விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சினால் நல்லது. சிரமமில்லாமல் அடைபட்டால் தண்ணீர் உள்ளே வேறெங்கோ போகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களின் குழாய் வேலையைப் பார்க்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். மார்கழிக் குளிரிலும் பைப்பில் தண்ணீர் உறைவதில்லை. "நம்மூருப் பனிக்குக் குழாய் உடையுமாங்கண்ணா?" என்று ஒரு காவல்காரர் கேட்டார். பனிக்கு உடையாதுதான். ஆனாலும் தை பிறந்ததும் ஒரு சுற்றுப் பார்த்தே ஆகவேண்டும் என்பேன். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் ஊறிய இரும்புப் பைப்பில் முதலில் துரு பிடிப்பது மரை வெட்டிய இடம். அங்கேதான் பைப்பின் கனம் குறைவு. வெயிலில் கிடந்த பிவிசி வெளுத்து, மாவு பூத்தமாதிரி ஆகி, லேசாகத் தட்டினாலே விரிசல் விடும். குரங்கு தொங்கினால் கேட்கவே வேண்டாம். அதிலும் கால்வாசித் திருப்பில் திறக்கும் லீவர் குழாயைக் குரங்கு சுலபமாகத் திறந்துவிடும். வெளியில் மாட்டப் பழைய திருகு குழாயே மேல் என்பது என் முடிவான கருத்து.

விடியற்காலையில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மூடுபனியில் சுவர், பைப், செடி எல்லாமே நனைந்திருக்கும். கசிவு எது, பனி எது என்று தெரியாது. பதினொரு மணி வெயில் வந்த பிறகு துணியால் பைப்பைத் துடைத்து, இணைப்பைச் சுற்றி ஒரு தாள் செய்தித்தாளைக் கட்டிவிட்டுக் காத்திருப்பேன். தாள் முழுக்க ஒரேமாதிரி நமுத்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் மட்டும் கறுத்து நனைந்தால் அந்த மரையில் கசிவு.

மலைச்சரிவில் இன்னொரு விஷயம் உண்டு. மேட்டில் இருக்கும் டேங்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். 30 மீட்டர் கீழே இருக்கும் பங்களாவுக்கு மூன்று கிலோ. மண்ணுக்குள் சின்ன ஓட்டை விழுந்தாலும் ராத்திரி பூராவும் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் உடைந்த இடத்தில் மேலே வராமல், சரிவில் இறங்கிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே எங்காவது கிளம்பும். ஆகவே சாயங்காலம் எல்லாக் குழாயையும் மூடி, டேங்குக்கு வரும் தண்ணீரையும் நிறுத்தி, மட்டத்தைக் குறித்துவைக்கச் சொல்வேன். காலையில் இறங்கியிருந்தால் தோண்டத்தான் வேண்டும்.

உரிமையாளர்கள் பலர் பளபளப்பான புதுக் குழாய் வாங்கித் தருகிறார்கள். அதை மாட்டும்போது சுவருக்குள் இருக்கும் அரையடி இரும்புத் துண்டையும் மாற்றிவிடலாம் என்றால், சுவரை உடைக்க வேண்டுமே என்று தயங்குகிறார்கள். சிமென்ட் பூச்சு ஒரு நாள் வேலை. அந்தத் துண்டு பங்குனியில் போனால், ஊற்று வற்றி டேங்க் பாதியாக நிற்கும் நேரத்தில் இருக்கிற தண்ணீரும் சுவருக்குள் போய்விடும். பூச்சு வேலைக்கும் சேர்த்தே இப்போது கூலி சொல்கிறேன். குழாயை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை.