பெரியம்மாவின் நெற்றியில் நீலம்

ஸ்டேஷனரி கடையில் சாஃப்ட் பாஸ்டல் கேட்டால் பெரும்பாலும் ஆயில் பாஸ்டல் பெட்டிதான் கைக்கு வரும். இரண்டும் வேறு வேறு. ஆயில் பாஸ்டலில் எண்ணெயும் மெழுகும் உண்டு. சாஃப்ட் பாஸ்டலில் வண்ணத்தூள், சுண்ணப் பொடி, அவற்றைக் குச்சியாகப் பிடித்து வைக்கத் துளி பிசின், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், பிரஷ் வேண்டாம், காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதில் வயல், வானம் என்று வரைந்து கை கொஞ்சம் பழகிய பிறகு முகத்துக்கு வந்தேன். மாடல், பெரியம்மா. நல்ல கறுப்பு, களையான முகம், நெற்றி நிறைய விபூதி.

கையில் இருந்தது மங்யோ கம்பெனியின் அரைக்குச்சி செட் ஒன்று. ரெம்ப்ரான்ட் பிராண்ட் குச்சிகள் சிலவற்றைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருந்தேன். செனெலியே பிராண்டில் வெள்ளை ஒன்றே ஒன்று, விலை அப்படி. ரெம்ப்ரான்ட் கொஞ்சம் கெட்டி, செனெலியே தொட்டாலே அப்பிக்கொள்கிற மென்மை. கெட்டியானது அடியில், மென்மையானது மேலே, இதுதான் வரிசை. மாற்றிச் செய்தால் கெட்டிக் குச்சி கீழே இருக்கும் பொடியை வழித்துக்கொண்டு போய்விடும்.

முகத்துக்கென்றே போர்ட்ரெய்ட் செட் விற்கிறார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ரோஜா, பீச், ஐவரி. இதற்கு ஒரு பழங்கதை உண்டு. பாஸ்டல் உருவப்படங்கள் கொடிகட்டிப் பறந்தது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில். வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா 1720இல் பாரிஸுக்குப் போனபோது பெரிய மனிதர்கள் அவரிடம் படம் வரைந்துகொள்ளப் போட்டி போட்டார்கள். அவர்கள் எல்லாரும் பவுடர் பூசிய முகங்கள். பவுடர் முகத்தைப் பொடியாலேயே வரைவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. பெரியம்மாவுக்கு அந்த செட்டில் ஒரு குச்சியும் உதவாது. பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், மெரூன், கருநீலம், ஆலிவ் பச்சை, சாம்பல் நீலம் என்று லேண்ட்ஸ்கேப் குச்சிகளிலிருந்துதான் பொறுக்கி எடுத்தேன்.

தாள், கேன்சன் கம்பெனியின் மி-டான்ட், கனம் 160 ஜிஎஸ்எம். ஒரு பக்கம் தேன்கூட்டுக் குழிகள் எடுப்பாகத் தெரியும். முகத்துக்கு மறுபக்கம்தான் நல்லது. இதில் டொபாக்கோ என்றொரு பழுப்பு நிறம் இருக்கிறது. அதை எடுத்தால் பாதி வேலையைத் தாளே செய்துவிடுகிறது, கன்னத்தின் நடுப்பகுதியைத் தொடக்கூட வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு முகம் வரைவது வீண் உழைப்பு. அந்த வெள்ளையை மறைக்கவே பொடியெல்லாம் போய்விடும். சாஃப்ட் பாஸ்டலில் தாளின் சொரசொரப்புதான் நம் கையிருப்பு. ஒவ்வொரு பூச்சும் அதில் கொஞ்சம் செலவழிக்கும். குழிகள் நிரம்பிவிட்டால் அடுத்த நிறம் ஒட்டாமல் வழுக்கும்.

காசு மிச்சம் பிடிக்க ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பரும் பயன்படுத்திப் பார்த்தேன். 400ஆம் நம்பர், 9க்கு 11 இஞ்ச். பெயின்டர்கள் தேய்க்க வாங்குவார்களே, அதே கறுத்த உப்புத்தாள்தான். பொடியைக் கவ்விப் பிடிப்பதில் இதை அடித்துக்கொள்ள முடியாது. பூச்சு மேல் பூச்சு தாராளமாக ஏற்றலாம். ஆனால் குச்சி மளமளவென்று கரைகிறது, விரலால் தேய்த்தால் தோல் போகிறது. வருஷக்கணக்கில் வைத்திருக்கிற படத்துக்கு ஆகாது, பயிற்சிக்குத் தாராளம்.

பெரியம்மாவை முற்றத்தை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மேலே திறந்த வானம், கீழே சிவப்பு ஆக்ஸைடு தரை. முதலில் நிறத்தைப் பற்றியே யோசிக்காமல் கருமை எங்கே, நடுத்தரம் எங்கே, வெளிச்சம் எங்கே என்று மூன்றாகப் பிரித்துக் குச்சியைப் படுக்கவைத்து இழுத்தேன். சரிதானா என்று பார்க்க, போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் போதும். அதில் முகம் முகமாகத் தெரிந்துவிட்டால் மேலே எந்த நிறத்தைப் போட்டாலும் தாங்கும்.

அதற்கப்புறம்தான் எனக்குச் சுவாரசியமே. கறுத்த தோலில் வெளிச்சம் படுகிற இடம் தோலின் நிறத்தைக் காட்டுவதைவிட, எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்த நிறத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. வெளுத்த தோலில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது. பெரியம்மாவின் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் சாம்பல் நீலம் அப்படியே உட்கார்ந்திருந்தது. தாடைக்கு அடியிலோ தரையின் சிவப்பு ஏறி, நிழலுக்குள்ளேயே ஒரு செம்மை. மூக்கோரத்தில் ஆலிவ். பழுப்பை வெளுப்பாக்கி அந்த மேட்டில் பூசினால் தோல் சாம்பல் பூத்த மாதிரி உயிரில்லாமல் இருக்கிறது. நீலத்தை வைத்ததும் பளபளப்பு வந்துவிடுகிறது.

எழுந்து வந்து பார்த்த பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடி இது, நெத்தியில நீலத்தப் பூசி வச்சிருக்க?"

"அது வெளிச்சம் பெரியம்மா."

"வெளிச்சம்னா மஞ்சளாத்தான இருக்கும்? நான் என்ன கிருஷ்ணரா?"

பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நீலத்தை விரலால் தேய்த்துப் பழுப்போடு கலக்கலாமா என்று கை அரிக்கும். தேய்த்தால் இரண்டு நிறமும் செத்து ஒரே சேறாகும். யூடியூபில் முகத்தை வழுவழுவென்று தேய்த்துக் காட்டுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்த பொம்மைத்தனம் ஒத்துவரவில்லை. பிரான்ஸின் ஷார்தேன் வயதான காலத்தில் கண் கோளாறு வந்து எண்ணெய் வண்ணத்தை விட்டு பாஸ்டலுக்கு வந்தவர். 1775இல் கண்ணுக்கு மேல் மறைப்பு கட்டிக்கொண்டு தன்னையே வரைந்த படம் பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் கோடுகள் தேய்க்கப்படாமல் தனித்தனியாக நிற்பது தெரியும். கலக்கிற வேலையைப் பார்க்கிறவர் கண்ணுக்கு விட்டிருக்கிறார். நானும் அடிப்பூச்சை மட்டும் தேய்க்கிறேன், அதற்கு மேல் விரலை எடுத்து வருவதில்லை.

பொடி உதிராமல் பிடித்து வைக்க ஃபிக்ஸேடிவ் என்ற ஸ்ப்ரே அடிப்பதில் ஒரு சங்கடம். பொடிக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளியை அந்தத் திரவம் நிரப்பிவிடுவதால் வெளிர் நிறங்கள் மங்கும், வெள்ளை பாதி காணாமல் போகும். ஆனாலும் பிரெஞ்சு ஓவியர் டெகா பூச்சுக்குப் பூச்சு ஃபிக்ஸேடிவ் அடித்துத்தான் அத்தனை அடுக்கு ஏற்றினார். ஆகவே நடுவில் லேசாக ஒரு தடவை அடித்துக்கொண்டு வெளிச்சங்களை அதற்கு மேல் வைத்தேன். கடைசி அடுக்குக்கு அடிக்கவில்லை.

விபூதியை ஆகக் கடைசியில் போட்டேன். மூன்று பட்டையில் நடுப்பட்டை வியர்வையில் பாதி அழிந்திருந்தது. நிழல் பக்கம் அது வெள்ளையே இல்லை, நீலம் கலந்த சாம்பல். வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் செனெலியே வெள்ளையைப் பக்கவாட்டில் வைத்து, அழுத்தாமல், ஒரே இழுப்பு. தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டி, குழிகளில் அடியில் இருந்த தோல் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. நெற்றியில் விபூதி காய்ந்தால் அப்படித்தானே இருக்கும்! வாட்டர்கலரில் இதற்கு நான் தலைகீழாக நின்றிருக்க வேண்டும்.

தூசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. பலகையை நிமிர்த்தி வைத்தால் உதிர்கிற பொடி நேராகக் கீழே விழும். அடியில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளலாம். வாயால் ஊதவே கூடாது, சில நிறங்களில் காட்மியம் இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, மே மாசத்து மதுரையில் உட்கார்வது தனித் தவம். வியர்வை சொட்டினால் கரும்புள்ளி விழும், அதைத் தொடாமல் உலரவிட்டு மேலே பூசினால் மறைந்துவிடும். அழுக்கான குச்சிகளை ஒரு டப்பாவில் பச்சரிசியோடு போட்டுக் குலுக்கினால் சொந்த நிறம் திரும்புகிறது. அந்த அரிசியை மறக்காமல் குப்பையில் போட வேண்டும், காக்காய்க்குக்கூட வைக்கக் கூடாது.

சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே மவுன்ட் (ஓரத்தைச் சுற்றி வைக்கிற அட்டை) வைக்கச் சொன்னேன். விலை குறையும் என்று அக்ரிலிக் ஷீட்டைக் காட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அதில் ஏறுகிற நிலைமின்சாரம் பொடியைத் தாளிலிருந்து இழுத்துவிடும்.

அடுத்து பெரியப்பா. அவர் வழுக்கையில் முற்றத்து வானம் முழுசாகத் தெரிகிறது, சாம்பல் நீலம் இன்னும் இரண்டு குச்சி வாங்க வேண்டும்.