மாமாவின் காதும் மச்சினனின் கமாரோவும்

மீன்பிடித் தடைக்காலம் மீன்களுக்கு ஓய்வு; மண்டபத்தில் எங்கள் குடும்பத்துக்கு அது சோதனை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்க, அவற்றின் எஞ்சின்கள் பிரிக்கப்பட்டுச் சாக்குகளின் மேல் பரப்பப்பட்டிருக்க, என் மாமனாருடைய காதுக்கு மட்டும் வேலை இல்லாமல் போகிறது. மற்ற மாதங்களில் படகு கிளம்பும் சத்தத்தை வைத்தே யாருடைய எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் எத்தனையாவது நாசில் அடைத்திருக்கிறது என்று திண்ணையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். சத்தமில்லாத இந்த இரண்டு மாதங்களில் அவர் கவனம் வீட்டுக்குள் திரும்பும். சென்ற ஆண்டு மிக்ஸி அகப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு என் இருமல். இந்த ஆண்டு அந்தக் கண்டம் ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சினனுக்கு.

அவன் அங்கே 2010ஆம் ஆண்டு கமாரோ எஸ்.எஸ். ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறான். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, எட்டுச் சிலிண்டர் கொண்ட 6.2 லிட்டர் வி8 எஞ்சின் பூட்டிய விளையாட்டுக் காரைத் தெருவில் நிறுத்தி வைத்திருப்பவனைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. மாமா வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார். அதுவும், அந்தப் பணத்தில் நம் படகுக்கு ஒரு நல்ல கியர் பாக்ஸ் வாங்கியிருக்கலாம் என்ற கணக்கோடு சேர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து வாப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சலாம்கூட மாமி வழியாகத்தான் போய்வந்தது.

இந்நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் எனக்கு ஒரு காணொளி அனுப்பினான். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாதே தவிர, காணொளியும் குரல் பதிவும் தாராளமாக வரும். பக்கத்து இருக்கையிலிருந்து அவனுடைய நண்பன் எடுத்தது அது. அகலமான நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் வண்டி போகிறது. கருவிப் பலகையில் வி8 என்றிருந்த எழுத்து வி4 என்று மாறுகிறது. எஞ்சினின் உறுமல் சற்றே அடித்தொண்டைக்கு இறங்குகிறது. பெருமைக்காக அனுப்பப்பட்டது என்பதில் ஐயமில்லை.

மாமா திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணாடி உள்ளே இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, பீடியை இழுப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நாலு சிலிண்டர் அடிக்கலை மாப்ள. யாரு படகு இது? தடையை மீறிப் போறானா?”

படகல்ல, உங்கள் மகனின் கார் என்று நான் சொல்லியிருக்கவே கூடாது என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் செய்தி வடக்குத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பாதி எஞ்சின் நின்றுவிட்டது என்று புறப்பட்ட செய்தி, பெரியபட்டினத்தை அடைந்தபோது வண்டி நடுரோட்டில் எரிந்துவிட்டது என்றாகி, அங்கிருந்து மாமியின் தங்கைக்குப் போய், இரவுச் சாப்பாட்டுக்குள் துக்கம் விசாரிக்கும் அழைப்பாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. மாமி இதற்கிடையில், மகனுடைய வண்டியின் நான்கு சிலிண்டர்களும் மறுபடி உயிர்பெற்றால் ஏர்வாடியில் ஆடு அறுத்துச் சோறு ஆக்குவதாக நேர்ந்துகொண்டுவிட்டார்.

மாமாவோ மகனிடம் பேசமாட்டார். ஆனால் கட்டளைகள் என் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. எந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை ஓடவிட்டு நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கச் சொன்னார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்தது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் இதைவிட நம்பகமான சோதனை கிடையாது. பெட்ரோல் காரில் தளர்த்த அப்படி ஒரு நட்டு இல்லை என்பதை நான் எடுத்துச் சொன்னபோது, அவர் முகத்தில் தோன்றிய இரக்கம் காருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

உண்மையில் அந்த நான்கு சிலிண்டர்களும் சாகவில்லை, படுக்க வைக்கப்பட்டிருக்கின்றன. தட்டையான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எட்டுக்கும் வேலை இருக்காது. எட்டும் அரைவயிற்றுக் காற்றை மூடிய வாய் வழியாக உறிஞ்சிச் சிரமப்படுவதைவிட, நான்கை நிறுத்திவிட்டு மீதி நான்கை நன்றாக மூச்சுவிட்டு உழைக்க வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும். அதற்காகக் கணினி ஆணையிட்டதும், எஞ்சின் ஆயிலின் அழுத்தம் குறிப்பிட்ட நான்கு சிலிண்டர்களின் வால்வுகளைத் திறக்கும் லிஃப்டர்களில் உள்ள சிறு பூட்டு ஊசிகளை உள்ளே தள்ளிவிடுகிறது. பூட்டு விட்டுப்போன லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்குவதால் வால்வுகள் திறப்பதில்லை. உள்ளே அடைபட்ட வாயு அமுங்கியும் விரிந்தும் பிஸ்டனோடு சும்மா ஏறி இறங்கும். மிதியை அழுத்தினால் நான்கும் உடனே எழுந்து வேலைக்கு வந்துவிடும்.

இதைக் கேட்டு மாமி நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ வேறு கவலை பிறந்தது. மிதியை அழுத்தும்போதெல்லாம் நான்கும் உயிர்பெறுகின்றன என்றால், நேர்ந்துகொண்ட கணக்குப்படி ஷார்ஜா சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆடு?

மாமாவை அசைத்தது இந்த விளக்கம் அல்ல, சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் வரிசை. அந்த எஞ்சினின் வரிசை 1-8-7-2-6-5-4-3 என்றும், படுத்துக்கொள்பவை 1, 4, 6, 7 என்றும் மச்சினன் குரல் பதிவில் சொல்லியிருந்தான். படகு எஞ்சினின் 1-5-3-6-2-4 வரிசையைத் தூக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய மனிதர், என் பேனாவை வாங்கிப் பழைய காலண்டரின் பின்புறத்தில் எட்டு எண்களையும் எழுதினார். படுப்பவற்றை ஒவ்வொன்றாக அடித்தார். ஒன்று விட்டு ஒன்று, ஒன்று விட்டு ஒன்று என்று சீராக அடிபட்டு, 8, 2, 5, 3 மட்டும் சம இடைவெளியில் மிஞ்சின. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கணக்குத் தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான்” என்றார். மாமா வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டை வாங்க நான் திருமணமான நாளிலிருந்து முயன்றுவருகிறேன்.

இந்த நல்ல வேளையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தந்திரம் புதியதன்று என்ற வரலாற்றையும் சொல்லிவைத்தேன். காடிலாக் நிறுவனம் 1981இலேயே எட்டு, ஆறு, நான்கு என்று மாறும் எஞ்சினை விற்றது. அக்காலத்துக் கணினியின் வேகம் போதாமல் வண்டி தடுமாறியதால், வாங்கியவர்களில் பலர் பணிமனைக்குப் போய் அந்த ஏற்பாட்டையே துண்டித்துக்கொண்டார்கள். மாமாவின் முழு அனுதாபமும் ஒரு நொடியில் துண்டித்தவர்கள் பக்கம் போய்விட்டது. போதாக்குறைக்கு, இதே 2010ஆம் ஆண்டு கமாரோ எஸ்.எஸ். வண்டியில் கையால் கியர் போடும் வகைக்கு இந்தத் தூங்கும் சிலிண்டர் கிடையாது, அதற்கு 426 குதிரைத் திறன், தானியங்கி வகைக்கு 400 மட்டுமே என்பதையும் எப்படியோ என்னிடமிருந்து கறந்துவிட்டார். “கிளட்ச் மிதிக்கச் சோம்பல் பட்டதுக்கு இருபத்தாறு குதிரை அபராதம்” என்பது அவர் தீர்ப்பு. கியர் தண்டை எம் என்ற இடத்துக்கு நகர்த்தி ஓட்டினால் எட்டும் ஓடும் என்று மச்சினன் சமாதானம் சொன்னான். அப்படியானால் தானியங்கி எதற்கு வாங்கினாய் என்ற கேள்வி, முதன்முறையாக, நேரடியாக அவனிடமே கேட்கப்பட்டது. போட்டிம் செயலியில், என் கைப்பேசியில், என் இணையக் கட்டணத்தில்.

பேச்சு தொடங்கிய பின் அது கியர் பாக்ஸுக்கு வந்துசேர எத்தனை நேரம் ஆகும்? கியர் ஆயில் எப்போது மாற்றினாய் என்று மாமா கேட்டார். விற்றவர் அது மாற்றவே தேவையில்லாத ஆயில் என்று சொன்னதாக மகன் பதில் சொன்னான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு, நிறத்தைக் காட்டு என்றார் மாமா. குச்சி இல்லை என்றான் மகன். தொலைந்துவிட்டதா என்று இவர் கேட்க, வைக்கவே இல்லை வாப்பா என்று அவன் சொல்ல, எங்கள் திண்ணையில் ஒரு மையத்து வீட்டு அமைதி நிலவியது. மாமாவைப் பொறுத்தவரை குச்சி வைக்காத கியர் பாக்ஸ் இயந்திரமே அன்று.

குச்சி இல்லாமல் அளவு பார்க்கும் முறையைக் கேட்டபோதுதான் மாமா உண்மையாகவே சிரித்தார். வண்டியை மட்டம் பிசகாமல் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் ஆயில் 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது அடியிலுள்ள துளையை அடைத்திருக்கும் மறையைக் கழற்ற வேண்டும். துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தால் அளவு சரி. சூடேறினால் ஆயில் விரிந்து, குறைவாக இருப்பதுகூட நிறைவாகத் தெரியும். கோடைக்கால ஷார்ஜாவில் நிறுத்திவைத்த வண்டியே நாற்பதைத் தாண்டி நிற்கும்போது, எஞ்சினை முடுக்கி மறையைத் தேடுவதற்குள் ஐம்பது கடந்துவிடும். ஆகவே அங்குள்ள பணிமனைக்காரர் விடியற்காலையில் வரச் சொல்லியிருக்கிறார். சுபுஹு தொழுதுவிட்டு ஆயில் பார்க்கப் போகும் மகனை நினைத்து மாமி மனமுருகினார்; மார்க்கம் தவறாமல் இருக்கிறானாம்.

மாற்றவே வேண்டாம் என்பதும் கட்டுக்கதைதான். இந்த வகை ஆறு கியர் பெட்டிக்குச் சாதாரண ஓட்டத்தில் 1,60,000 கிலோமீட்டரிலும், கடுமையான ஓட்டத்தில் 80,000 கிலோமீட்டரிலும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. வெளிவெப்பம் அடிக்கடி 32 டிகிரியைத் தொடும் ஊரில் நெரிசலில் ஊர்வது கடுமையான ஓட்டம். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் எவனுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாமா கேட்ட அடுத்த கேள்விக்கு நான் தயாராக இல்லை. எட்டில் நான்கு நின்றால் அதிர்வு கூடுமே, அது ஏன் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவில்லை என்றார். மச்சினன் யாரையோ விசாரித்துவிட்டு மறுநாள் பதில் அனுப்பினான். எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்சை முழு இறுக்கமாகப் பிடிக்க விடாமல், கொஞ்சம் நழுவ விட்டு அந்த அதிர்வை மறைக்கிறார்களாம். மாமா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். நழுவினால் சூடு, சூட்டைத் தாங்குவது ஆயில். மேலே மிச்சம் பிடித்த பெட்ரோலுக்குக் கீழே கியர் ஆயில் வட்டி கட்டுகிறது. கந்துவட்டிக்காரனிடம் படகை அடகு வைத்து மீட்டவருக்கு இது விளங்காமல் போகுமா? சிலிண்டர் படுக்கும் வண்டிக்குக் கியர் ஆயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று அவரே ஒரு சட்டம் இயற்றி, அதை மகனுக்கு மூன்று விதமாகச் சொல்லி, மூன்றையும் திருப்பிச் சொல்ல வைத்தார். பூட்டு ஊசியை இயக்குவது எஞ்சின் ஆயில் ஆகையால் அதையும் நாள் தவறாமல் மாற்றச் சொன்னதில் மட்டும் எனக்கும் முழு உடன்பாடு. மடங்கிய லிஃப்டர் சிக்கிக்கொண்டு திரும்பாமல் போவது இவ்வகை எஞ்சின்களில் கேள்விப்படாத செலவல்ல.

சென்ற வாரம் மாற்றினார்கள். புதிதில் ரத்தச் சிவப்பாக இருக்கும் டெக்ஸ்ரான் 6 என்ற கியர் ஆயில், பழுப்பும் கறுப்புமாக, தீய்ந்த வாடையோடு வடிந்ததாகப் படத்துடன் செய்தி வந்தது. மாமா அந்தப் படத்தைத் துறையில் எல்லோருக்கும் காட்டினார். மறுக்க முடியாத சாட்சி. என் கைப்பேசி அன்று இரவுதான் என்னிடம் திரும்பியது. ஆனால் மொத்தம் ஏறத்தாழ 11 லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து அடித்தொட்டியைக் கழற்றினால் ஆறு லிட்டர்தான் வருகிறது, மீதி பெரும்பாலும் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது, ஆகவே கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும் என்றும் அந்தச் செய்தியின் கடைசி வரியில் இருந்தது.

“ஓடுறதும் பாதி, வடியுறதும் பாதி. இந்த வண்டியில எதுதான்டா முழுசா நடக்கும்?” என்று மகனைக் கேட்டார் மாமா. இப்போது தினமும் கேட்கிறார், ஏதாவது ஒன்றை. சலாமும் நேரடியாகவே போகிறது. இரண்டாவது மாற்றத்தை ஜூன் 14க்குள் முடித்துவிடும்படி அவனுக்கு உத்தரவு. அதற்குப் பிறகு படகுகள் கிளம்பிவிடும், இவருக்கு நேரம் இருக்காதாம். இதற்குள் ஷார்ஜாவில் இருக்கும் தொண்டிப் பையன்களும் பனைக்குளத்துப் பையன்களும் தத்தம் வண்டிகளின் சத்தத்தைப் பதிவு செய்து என் எண்ணுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். என் கைப்பேசியில் இடம் தீர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

தீராமல் நிற்பது ஏர்வாடி நேர்ச்சை ஒன்றுதான். நேர்ந்துகொண்டது பாதி எஞ்சினுக்காக ஆகையால் பாதி ஆடு போதும் என்பது மாமாவின் வாதம். “பாதி ஆட்டை எந்தச் சந்தையில உசுரோட விக்கிறாங்கன்னு விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க” என்று மாமி என் வழியாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவரும் மாமாவும் இப்போது பேசிக்கொள்வதில்லை.