காவடிக்கு முன் ஒரு ஃபிலிம் கேமரா

மொரிஷியஸின் காத்ர் போர்ன் மலைக்கோயிலின் தைப்பூசக் காவடியை இம்முறை ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்ற ஆசையில், கையைக் கடிக்காத விலைக்கு ஓர் ஆட்டோஃபோகஸ் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) தேடி அலைந்து, கடைசியில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் எஃப்80 ஒன்றை வாங்கிவிட்டேன்.

முதலில் மனம் கேனான் பக்கமே சாய்ந்தது. வீட்டில் கேனான் லென்ஸ்கள் இருந்தன. ஆனால் அவற்றில் இ.எஃப். வகை மட்டுமே ஃபிலிம் கேமராவில் பொருந்தும், டிஜிட்டலுக்கென வந்த இ.எஃப்.-எஸ். பொருந்தாது. பார்க்கக் கிடைத்த இ.ஓ.எஸ். 650, அதாவது 1987இல் வந்த கேனானின் இ.ஓ.எஸ். வரிசையின் முதல் கேமரா, வெளியே பளபளவென்றிருந்தது. பின்கதவைத் திறந்தால் ஷட்டர் தகடுகளில் தார் பூசியது போன்ற கறுப்புப் பிசுக்கு. உள்ளிருக்கும் தடுப்புத் துண்டு நாளாவட்டத்தில் இளகிக் கசிவதால் வருவது அது. துடைத்தாலும் திரும்ப வரும் என்பதால் வைத்துவிட்டு வந்தேன்.

எஃப்80இன் முதுகும் பலாப்பால் பட்டதுபோல் விரலில் ஒட்டியது. அது வெறும் ரப்பர் பூச்சுதான். ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குப் பணிந்துவிட்டது. கேமராவுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், மலிவாகக் கிடைக்கும் பழைய, சொந்த மோட்டார் இல்லாத 50 மி.மீ. ஏ.எஃப்.-டி லென்ஸும் இதில் இயங்குகிறது. சி.ஆர்.123ஏ என்ற லித்தியம் பேட்டரிகள் இரண்டு கேட்பதுதான் எனக்கு உறுத்தல்.

மழை ஓயாத எங்கள் கியூர்பிப் ஊரின் ஈரத்தில் கிடந்த லென்ஸ் என்றால், டார்ச் அடித்துப் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பாராமல் பணம் கொடுக்காதீர்கள்.