குதிரைப்படை முகாமில் டூட்டூ

2019 டிசம்பர் 22. ஓவெர்ன் மலைப்பக்கம் சுற்றிவிட்டு, கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பாரிஸ் திரும்ப வேண்டிய நாள். ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டரை வாரம் ஆகியிருந்தது. என் வண்டி ரத்து. கிடைத்த உள்ளூர் வண்டியில் தொற்றிக்கொண்டேன். அது மூலானோடு சரி. அடுத்த வண்டி மறுநாள் மதியம்.

மூலான் சுமார் 20,000 பேர் வாழும் ஊர். அலியே ஆற்றங்கரையில் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அறை எடுத்த விடுதியில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என்ன பார்க்கலாம் என்று கேட்டேன். கதீட்ரல், மணிக்கூண்டு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பாலத்தைத் தாண்டிப் போங்கள். பாலே உடுப்புகள் இருக்கின்றன" என்றார். ரயில் இல்லாத ஊரில் பாலேவா! மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நடந்தேன்.

ரெஜெமோர்த் பாலத்துக்கு 13 வளைவுகள். இதற்கு முன் அங்கே கட்டிய பாலங்களை ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவற்றில் ஒன்று வெர்சாய் அரண்மனையைக் கட்டிய மான்சார் போட்டது, 1710இல் விழுந்தது. பாலத்தின் அக்கரையில் நீண்ட சாம்பல் நிறக் கட்டடம். 18ஆம் நூற்றாண்டுக் குதிரைப்படை முகாம். இடிக்கப்படாமல் தப்பி, 2006இல் தேசிய மேடை உடை மையமாகத் திறந்தது. பாரிஸ் ஓபரா, கொமெடி ஃப்ரான்சேஸ் என்ற நாடக அரங்கு, பிரான்ஸ் தேசிய நூலகம் மூன்றும் தங்கள் பழைய உடைகளை இங்கேதான் அனுப்பி வைக்கின்றன. இங்கு வந்த உடை மறுபடி மேடை ஏறாது.

நான் போன சமயம் பெரிய ஃபேஷன் வடிவமைப்பாளர்கள் நடனத்துக்குத் தைத்த உடைகளின் கண்காட்சி. உள்ளே அந்தி நேரம் போல அரைவெளிச்சம். வெளிச்சம் துணியைத் தின்றுவிடும் என்பதால் அப்படி. இதே காரணத்துக்காக எந்த உடையையும் வருடக்கணக்கில் வெளியே வைப்பதில்லை. கண் பழகியதும் முதலில் தெரிந்தது ஒரு டூட்டூ, பாலே நடனக்காரிகளின் அடுக்கு வலைப் பாவாடை. தட்டு மாதிரி, இடுப்பிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு. புகைப்படங்களில் அது பஞ்சு. ஓர் அடி தூரத்தில் கொசுவலையை விட முரட்டு வலை.

என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றார். நாடக அரங்கு ஒன்றின் தையல் கூடத்தில் வேலை பார்த்தவராம். என் அரைகுறை பிரெஞ்சைப் பொறுத்துக்கொண்டு விளக்கினார். உள்ளே ஒரு சிறிய ஜட்டி. அதன் மேல்தான் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலையைச் சுருக்கித் தைப்பார்கள். அடியில் இருப்பது குட்டை, மேலே போகப் போக நீளம். கடைசியில் அடுக்குகளை ஒன்றோடொன்று நூலால் தளர்வாகக் கோத்துவிட வேண்டும். இறுக்கினால் குதிக்கும்போது அட்டை போல் ஆடும், கோக்காமல் விட்டால் தொங்கிப்போகும். "முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் முதுகைப் பாருங்கள்" என்றார். பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு வரிசைக் கொக்கி, அதற்கு மூன்று வரிசை நூல் வளையம். ஒரே உடை பல நடனக்காரிகளிடம் கைமாறும். யார் இடுப்புக்கு எந்த வரிசையோ அதில் மாட்டிக்கொள்வார்களாம். துவைக்க முடியாத மேல்சட்டைக்கு வோட்கா தெளித்து வியர்வை வாடையைப் போக்குவார்கள் என்றதும் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

டூட்டூ எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1832இல் மாரி தாலியோனி ஆடிய 'லா சில்ஃபீட்' பாலேவில் பாவாடை கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. அந்தக் காலத்து மேடையில் எரிவாயு விளக்குகள். 1862இல் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடையில் ஒத்திகையின்போது தீப்பற்றி, மாதக்கணக்கில் கிடந்து இறந்துபோனாள். தீப்பிடிக்காத மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று அவள் மறுத்திருந்தாள். தட்டு வடிவம் வந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். கால் வேலை நுணுக்கமாக ஆக ஆகப் பாவாடை மேலே ஏறியது.

கிறிஸ்தியான் லக்ருவா, ஏவ் சான் லோரான் என்று பெயர்ப்பலகைகள் நீண்டன. லக்ருவாவின் மினுமினுப்பு எனக்குக் கொஞ்சம் திகட்டியது. சான் லோரான் 1965இல் நடன அமைப்பாளர் ரோலான் பெத்தியின் பாலேவுக்குப் போட்ட பளிச் நிறக் கட்டங்கள் இன்றும் புதிதாகத்தான் இருக்கின்றன.

ஆனால் என் மனம் ஃபேஷன் வடிவமைப்பாளர் கோகோ ஷனேலிடம் போய்விட்டது. அநாதை விடுதியில் வளர்ந்த அவர், இளம் வயதில் இதே மூலானில்தான் தையல் வேலை பார்த்தார். ஊரில் முகாமிட்டிருந்த குதிரைப்படை அதிகாரிகளின் உடுப்புகளைத் தைத்துச் சீர்செய்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாலையில் இங்கே ஒரு விடுதி மேடையில் பாட்டும் பாடியிருக்கிறார். அதே பெண் 1924இல் ரஷ்யரான தியாகிலெவின் பாலே குழுவுக்கு 'லெ த்ரேன் ப்ளூ' பாலேவுக்கு உடை போட்டபோது டூட்டூ பக்கமே போகவில்லை. பின்னல் துணியில் நீச்சலுடை தைத்துக் கொடுத்தார்.

முகாமின் இன்னொரு பகுதி முழுக்கப் பாலே நடனக் கலைஞர் ருடோல்ஃப் நூரியேவுக்கு. இதை வடிவமைத்த எட்சியோ ஃப்ரிஜேரியோதான் நூரியேவின் கல்லறைக்கும் மொசைக்கில் ஒரு கம்பளம் விரித்தவர். கால் நீளமாகத் தெரிய வேண்டும் என்று நூரியேவ் தன் மேல்சட்டைகளைக் குட்டையாக வெட்டச் சொல்வாராம். ஆண்களின் உடையைப் பற்றி யாரும் இத்தனை அடம்பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் வண்டி வந்தது. 24ஆம் தேதி பாரிஸ் ஓபராவின் கார்னியே அரங்குப் பக்கம் போனால் வாசலில் கூட்டம். உள்ளே காட்சிகள் ரத்து. ஓபராவின் நடனக் கலைஞர்கள் வெளியே படிக்கட்டின் மேல் 'அன்னப்பறவை ஏரி' ஆடிக்கொண்டிருந்தார்கள், ஓபராவின் இசைக்கலைஞர்களோடு. அவர்கள் 42 வயதில் ஓய்வு பெறுகிறவர்கள். அந்த ஓய்வூதிய ஏற்பாடு 14ஆம் லூயி காலத்தது, 1698. அதைக் காப்பாற்றத்தான் அந்தக் குளிரில் வெற்றுத் தோளோடு ஆட்டம்.

நான் ஓரமாக நின்றதால் ஒருத்தியின் முதுகு தெரிந்தது. எந்த வரிசை வளையத்தில் கொக்கி மாட்டியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் ஆட்டம் முடிந்து, யாரோ ஓடிவந்து அவள் மேல் ஒரு கோட்டைப் போர்த்தினார்கள். டூட்டூவின் மேல் அது படியவில்லை. கூரை மாதிரி விரிந்து நின்றது.