முகாம் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு நாடகம்: மும்பையில் நாங்கள் கடந்த ஆறு மாதம்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு மாடியில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். பதினான்கு பேர். பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், மற்றவர்கள் மாட்டுங்கா, செம்பூர். தமிழ்நாட்டு முகாம்களில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு நாடகம் போடலாம் என்று 2023 ஆகஸ்டில் பேச்சு வந்தது. கதையைப் பற்றி அன்றைக்கே இரண்டு மணி நேரம் பேசினோம். பணம் எந்தக் கணக்கில் விழும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்குவழக்கு என் பொறுப்பு. எனக்கே அது பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது.

தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அவர் 1971 கதையைச் சொன்னார். வங்கதேசப் போரில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தபோது, பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். நுழைவுச்சீட்டில் வந்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டு விற்ற பணம் அமெரிக்க வரித்துறையில் வருடக்கணக்கில் முடங்கிப்போனது. அறப்பணிக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே முறைப்படி செய்யாததுதான் காரணம். "அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அப்படி. நீங்க முதல்ல வாய்க்காலை வெட்டுங்கம்மா, தண்ணி அப்புறம்" என்றார்.

அறக்கட்டளை தேடுவதிலேயே இரண்டு மாதம் போனது. முதலில் பேசிய அமைப்பு, முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளை அழைத்து வந்து மேடையில் நிறுத்தினால் வசூல் கூடும் என்று யோசனை சொன்னது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நடிப்பது எங்கள் வேலை, அந்தப் பிள்ளைகளின் வேலை இல்லை. குழுவில் மூத்தவரான அண்ணாச்சி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார். பிறகு சென்னையில், முகாம் மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கட்டணம் கட்டிவரும் ஓர் அறக்கட்டளை கிடைத்தது. நாங்களே முகாமுக்குப் போய்க் கொடுக்க ஆசைப்பட்டோம். வெளியாட்கள் உள்ளே போக அரசு அனுமதி வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் நேராகக் கல்லூரிக்குக் கட்டுவதே அவர்கள் வழக்கம். அதற்கே ஒப்புக்கொண்டோம்.

அடுத்தது ரசீது. நாடகம் பார்க்கக் கொடுக்கும் காசு நன்கொடை ஆகாது, நன்கொடைக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தந்த வரிச்சலுகை அதற்குக் கிடைக்காது. அதனால் இரண்டையும் பிரித்தோம். நுழைவுச்சீட்டு 300 ரூபாய். நாடகத்துக்கு 500 ரூபாய் வரையிலான சீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்தப் பணம் அரங்கத்துக்கும் ஒளி, ஒலிக்கும். நன்கொடை தருபவர்களுக்கு அறக்கட்டளையின் கியூஆர் கோடு, பணம் நேராக அவர்கள் கணக்குக்கு. எங்கள் யார் போனுக்கும் ஒரு ரூபாய்கூட வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிச்சலுகை இல்லை என்பதையும் சீட்டின் பின்புறத்தில் அச்சடித்தோம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது டொரண்டோவிலிருந்து வந்த ஒரு போன். அந்தத் தம்பியின் குடும்பம் 1983 கலவரத்துக்குப் பின் வெளியேறியது. அவருடைய பெரியம்மா இன்னும் இங்கே ஒரு முகாமில் இருக்கிறார். ஐந்நூறு டாலர் அனுப்புகிறேன் என்றார். அவர் கனடா குடிமகன். வெளிநாட்டுக் குடிமக்களின் நன்கொடையை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாதவர்கள் வாங்கக்கூடாது. துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் எங்கள் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இவர் அனுப்பினால் ஆகும். விளக்கிச் சொன்னேன். "அப்ப என்ர காசை வாங்க ஏலாதோ அக்கா?" என்று கேட்டார். அவரை விட அந்தப் பணத்தைத் தர உரிமை உள்ளவர் யார்?

மறுநாளே அறக்கட்டளையைக் கேட்டேன். அவர்களுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தது. டெல்லியில் ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கு. பதிவுள்ள எல்லோருக்கும் வெளிநாட்டுப் பணம் இப்போது அங்கேதான் முதலில் வந்து சேர வேண்டும். விவரங்களைத் தம்பிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் உதவ வருவார்கள் என்றால், இந்த ஒரு விஷயத்தை முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

மகாராஷ்டிரத்தில் நாடகத்தை மேடையேற்றும் முன் பிரதியை மாநில அரசின் நாடகப் பரிசீலனை வாரியத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் குழுக்களுக்கு இது புதிதாக இருக்கும். எங்களுடையது, தலைமன்னாரில் படகேறி அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிடப்படும் ஒரு குடும்பத்தின் ஓர் இரவு. வாசிப்பவருக்கு உதவட்டுமே என்று மராத்தியில் கதைச்சுருக்கமும் சேர்த்து வைத்தோம். சான்றிதழ் வந்தது. பாட்டுகளுக்குப் பதிவு இசையே வேண்டாம் என்று பாரதி பாடல்களை ஆர்மோனியம், மிருதங்கத்தோடு நாங்களே பாடினோம். அவர் மறைந்து நூறு வருடம் தாண்டிவிட்டதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை.

'அகதி' என்ற சொல்லை வைப்பதா என்று ஒரு மாலை முழுக்க வாதாடினோம். 2021-இல் தமிழ்நாடு அரசு அந்த இடங்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நாங்கள் நாடகம் போட்ட சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் அதில் நிறையப் பேர். கடைசியில், அம்மாவாக நடித்த அக்கா சொன்னதையே வைத்துக்கொண்டோம்: அந்தச் சொல்லை அதிகாரி மட்டும் சொல்வார், குடும்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாடகத்தில் மிக நன்றாக அமைந்த இடம் அதுதான்.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் அன்றைக்கு. டோம்பிவிலியிலிருந்தும் வாஷியிலிருந்தும் வர வேண்டியவர்கள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் தள்ளித் திரையைத் தூக்கினோம். அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது. முடிந்ததும் கைதட்டல் வரச் சற்று நேரமானது. வாசலில் கியூஆர் கோடு அட்டையின் முன்னால் வரிசை நின்றது.

மே மாதம், வரிச்சலுகை கோருவதற்கான 10பிஇ நன்கொடைச் சான்றிதழ்கள் நன்கொடையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜூலையில் நான்கு கல்லூரிக் கட்டண ரசீதுகள் எங்களுக்கு வந்தன. பிள்ளைகளின் பெயரை மறைத்து அனுப்புங்கள் என்று நாங்களே கேட்டிருந்தோம். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு, நாடகப் பிரதி இருக்கும் கோப்பில் வைத்தார்.