தாழ்ப்பாள் போடாத பிள்ளை

ஜூன் 12, 2025

அண்ணன் மகள் பாப்பா இன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலியாம். போன வருடம் வரை கபடியில் முதல் ஆளாக நின்ற 14 வயதுப் பெண், விடிந்தும் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிறாள். ஸ்கேன் எடுத்தாயிற்று. ரத்தம், சிறுநீர் எல்லாம் நான் வேலை பார்க்கிற லேபில் என் கையாலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் நார்மல். "நடிக்கிறா, நாலு வை" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நடிக்கிறவள் யாரும் பார்க்காத நடுராத்திரியில் எதற்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்?

ஜூன் 17

மனநல டாக்டரைப் பார்த்தோம். வயிற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார். "மூன்று வயது வரை யார் வளர்த்தது?" என்பதில்தான் நின்றார்.

சொன்னேன். பிரசவம் ஆன கையோடு அண்ணி போய்விட்டார். அண்ணனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட், போதாததற்குக் குடி. பிள்ளையை லைன் வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார். அக்கம்பக்கத்தில் யாராவது ஜன்னல் வழியாக பன் கொடுப்பார்களாம். நான் தூக்கி வந்தபோது அழவே தெரியாத பிள்ளை. விழுந்து முட்டியில் ரத்தம் வந்தாலும் யார் முகத்தையும் பார்க்காது, தானே எழுந்து போகும். இன்றும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டாள், தண்ணீர் வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பாள்.

"சின்னப் பிள்ளைதானே, ஒன்றும் ஞாபகம் இருக்காது" என்றுதான் ஊரே சொன்னது.

ஜூன் 22

லீவு. டாக்டர் சொன்ன ருமேனியா விஷயத்தைத் தேடிப் படித்தேன். 1966இல் அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்ய, வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் வெளியுலகம் அவர்களைப் பார்த்தது. பிரிட்டனில் தத்துப்போன 165 பிள்ளைகளை மனநல ஆய்வாளர் மைக்கேல் ரட்டரின் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தது. 6 மாதத்துக்குள் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் விடுதியில் கிடந்தவர்களுக்குச் சிறு வயதில் பெரிதாகத் தெரியாத மனச்சோர்வும் பதற்றமும் வயது ஏற ஏறத் தலைதூக்கின. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு இது. அப்படி நெடுநாள் கிடந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லையாம். அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

ஜூலை 1

இன்று லேபில் ஒரு கார்டிசால் டெஸ்ட். பதற்றத்தில் உடம்பு கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோன் அது. காலை 8 மணிக்கே ரத்தம் எடுப்போம். அப்போது கூடுதலாக இருக்கும், ராத்திரிக்குள் இறங்கிவிடும். விடுதியில் கிடந்த பிள்ளைகளுக்குப் பதற வேண்டிய நேரத்தில்கூட அது சரியாக ஏறுவதில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் குழு 2019இல் ஒன்று சொன்னது: நல்ல வீட்டுக்கு வந்துவிட்ட அத்தகைய பிள்ளைகளுக்குப் பருவமடையும் காலத்தில் அது மறுபடி ஏறத் தொடங்குகிறது. உடம்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மரத்துக் கிடந்தவள் திடீரென்று பதற ஆரம்பித்தால், கூட இருக்கிற எங்களுக்கு அது புது நோயாகத்தானே தெரியும்?

ஜூலை 9

கதவிடுக்கில் விரல் நசுங்கி, "அத்தை!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். ஐஸ் வைத்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், சொன்னால் அடிக்க வருவாள்.

பள்ளிக்கு இப்போதைக்கு மதியம் வரை. டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 6 மணிக்கு வருவேன் என்றால் 6 மணிக்கு வந்து நிற்க வேண்டும், முடியாவிட்டால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அழைக்கச் சொல்லி அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸும் கொடுத்தார், 14416. தமிழிலேயே பேசலாம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று.

ஜூலை 16

அண்ணன் போனில். "அதெல்லாம் அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?" ஆரம்பித்துவிட்டார். நான் வாதாடவில்லை. அடுத்த முறை டாக்டர் உங்களையும் வரச் சொன்னார் என்று தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வந்தால் வரட்டும். வாசலில் வந்து நிற்கிற வரை பாப்பாவிடம் "அப்பா வர்றார்" என்று நான் சொல்லப்போவதில்லை.